எழுபது கிலோ எலி

வாங்க தம்பி, குனிஞ்சு வாங்க. ஷட்டரு பாதிக்கு மேல ஏற மாட்டேங்குது, துருப் புடிச்சுப்போச்சு. நீங்கதானுங்களே நேத்து போன்ல பேசுனது? தாராபுரத்துல புதுசா ஜிம் போடறதா? நல்லதுங்க. நெம்ப நல்லது. உக்காருங்க, அந்த பெஞ்சுல தூசி இருக்குது, இருங்க, தொடைச்சு விடறேன்.

பாருங்க, எல்லாமே விக்கறதுக்குத்தான், நிதானமாப் பாருங்க. அவசரமே இல்ல. டம்பெல்ஸ் அந்த மூலைல இருக்குது, பார்பெல் செட்டு சாக்குக்கு அடீல. எதையும் உருட்டிப் பாக்கலாம், தூக்கிப் பாக்கலாம். இந்த செல்போன் மட்டும் இப்படி பெஞ்சு மேலயே கெடக்கட்டுமுங்க, ஒரு போன் வரோணும். டெல்லில இருந்து. பதினோரு மணிக்கு மேல எப்ப வேணும்னாலும் வரும்னு சொல்லியிருக்கறாங்க. எடுக்கறதா வேண்டாமான்னு காலைல இருந்து ஓசனை பண்ணிட்டே இருக்கறேன். போச்சாது, அது கெடக்குது. நீங்க பாருங்க.

வெள்ளகோயில்ல நாச்சிமுத்து மாஸ்டர்னு கேட்டா கொழந்தை கூடச் சொல்லுமுங்க. சொல்லும்னா, முந்திச் சொல்லும். கல்யாணங் காச்சி இல்ல எனக்கு. ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கிட்டு அப்படியே இருந்துட்டேன். இதுதான் ஊடு, இதுதான் கோயிலு. படுக்கறது கூட அந்த இன்க்லைன் பெஞ்சை மட்டமாப் போட்டு அது மேலதான். ஒறம்பரை, சொந்தம்னு ஆரும் வாரதில்ல. காலைல அஞ்சு மணிக்குப் பசங்க வந்து ஷட்டரைத் தட்டுற சத்தத்துலதான் எந்திரிப்பேன். இப்பவும் அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துருதுங்க. முழிச்சுட்டு என்ன பண்றது? சும்மா மேல பாத்துட்டுப் படுத்திருப்பேன்.

அந்தப் போர்டையா பாக்கறீங்க? படிங்க, சத்தமாப் படிங்க. "ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர் உபயோகத்துக்கு அல்ல." செவப்புப் பெயிண்டுல நானே எழுதுனது. எழுத்து எப்படி இருக்குது? அந்தப் போர்டுதாங்க என்னைக் காப்பாத்தோணும். அது இருந்துமே எம்மேல கேஸ் போட்டிருக்கறாங்க. இந்த நாட்டுல எதை எங்க போயிச் சொல்றது?

நீங்களும் ஜிம் போடறவரு, தெரிஞ்சு வெச்சுக்கங்க. புரோட்டீன் பவுடரு விக்கறது வேற, அதுக்கு ஒரு லைசென்சு, அது சுலுவு. நான் சொல்றது சின்னச் சின்ன பாட்டிலு. கண்ணுக்கு ஊத்தற மருந்தாட்ட, மூடீல ரப்பர் குமிழு வெச்சு, சொட்டுச் சொட்டா விடறது. பேரு வாயில நொழையாது, நாலு இங்கிலீசு எழுத்தும் ஒரு நம்பரும். வடக்க ஒருத்தன் ஆன்லைன்ல அனுப்புவான். சதை ஏத்தும், பலம் ஏத்தும், ஊசி போட வேண்டியதில்ல. எந்த நாட்டுலயும் இதை மருந்துன்னு இன்னும் ஒத்துக்கலையாமா. எலிக்கும் முயலுக்கும் குடுத்துச் சோதிச்சுட்டே இருக்கறாங்களாம். அதனால பாட்டிலு மேலயே இங்கிலீசுல போட்டிருப்பான், ஆராய்ச்சிக்கு மட்டும், மனுசன் சாப்பிடக் கூடாதுன்னு. அத்தனை பொடி எழுத்தை ஆரு படிப்பா? நான் நாணயமா அதைத் தமிழ்ல பெருசா எழுதி அலமாரிக்கு மேல மாட்டுனேன். வேற எந்த ஜிம்காரனாச்சும் மாட்டியிருப்பானுங்களா?

அதோட வுடல. ஆரு வந்து பாட்டிலு கேட்டாலும், "எதுக்கு?"ன்னு கேப்பேன். "ஆராய்ச்சிக்கு மாஸ்டர்" அப்படின்னு வாயத் தொறந்து சொல்லோணும். சொன்னாத்தான் அலமாரியத் தொறப்பேன். அப்பறம் அவனுக்கு அளவு தெரியோணுமில்ல? மனுசனுக்கு எவ்வளவுன்னு என்கிட்ட கேக்கக் கூடாது, கேட்டா வெளிய போன்னுருவேன். அதனால பசங்களே ஒரு வழி வெச்சுக்கிட்டாங்க. "மாஸ்டர், எம்பது கிலோ எலிக்கு எத்தனை சொட்டு?"ன்னு கேப்பானுங்க. நான் எலிக்குத்தானே சொல்றேன்? சொல்லுவேன். "என்ற எலிக்குத் தோள்பட்டை ஏற மாட்டேங்குதுங்க மாஸ்டர்"னு ஒருத்தன் வருவான். "என்ற எலிக்கு அடுத்த மாசம் கல்யாணம்"னு ஒருத்தன். சிரிப்புன்னா சிரிப்பு, அப்படி ஒரு சிரிப்பு இங்க. பூராம் நல்ல பசங்க. இப்பத் தெருவுல பாத்தா போனைக் காதுல வெச்சுக்கிட்டுப் போறானுங்க, போனே வந்திருக்காது.

போன மாசி மாசம் ஒரு அம்மா வந்துச்சு. ட்ராக் பேண்ட்டு, தலைல கேப்பு. வீட்டுக்காரருக்கு வேணுமாமா. நான் எதுக்குன்னு கேட்டேன், ஆராய்ச்சிக்குன்னு சரியாச் சொல்லுச்சு. ஆரோ சொல்லித்தான் அனுப்பியிருக்கோணும். "எழுபது கிலோ எலிக்கு எவ்வளவுங்க மாஸ்டர்?"னு கேட்டுச்சு. நானும் விவரமாச் சொன்னேன், சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயாங்கறது வரைக்கும். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, பாட்டிலையும் வாங்கிக்கிட்டு, இந்தா நீங்க உக்காந்திருக்கற எடத்துலயே உக்காந்து ஒரு அட்டைய எடுத்து நீட்டுச்சுங்க. டிரக் இன்ஸ்பெக்டரு! "அந்த எழுபது கிலோ எலிய ஒருக்கா காட்டுங்க, பாத்துட்டுப் போறேன்"னு சொல்லுச்சு. வெளிய ஜீப்புல நாலு பேரு.

நான் பயப்படல. போர்டைக் காட்டுனேன். அந்தம்மா போர்டைப் படிச்சுட்டு, "நல்ல கையெழுத்துங்க"ன்னுச்சு. அப்பறம் சொல்லுச்சு, "டப்பால என்ன எழுதியிருக்குதுன்னு சட்டம் பாக்காதுங்க. நீங்க ஆருக்கு, என்னத்துக்குக் குடுத்தீங்கன்னு பாக்கும். ஆராய்ச்சிக்கூடத்துக்கு வித்தா அது ஆராய்ச்சிப் பொருளு. ஜிம்முல, பவுடர் டப்பாவுக்குப் பக்கத்துல வெச்சு, உடம்பை ஏத்தறதுக்குன்னு வித்தா அது மருந்து. மருந்து விக்க உங்ககிட்ட லைசென்சு இருக்குதுங்களா?"

நான் வுடுவனா? "மருந்துன்னு ஒத்துக்கவே இல்லீன்னு நீங்கதான சொல்றீங்க, அப்பறம் மருந்து வித்தான்னு எப்படிங்க கேஸ் போடுவீங்க?"ன்னு கேட்டேன். அதுக்கு அந்தம்மா, "ஒத்துக்கலைங்கறதாலதான் லைசென்சு இருக்கற மெடிக்கல் கடைக்காரங்கூட இதை விக்க முடியாது. நீங்க அவனுக்கும் மேல ஒரு படி போயிட்டீங்க"ன்னு சொல்லிப்போட்டு அலமாரிக்குச் சீல் வெச்சுட்டுப் போயிருச்சு. ஏனுங்க, இது நாயமா? வெசம்னு எழுதி வெச்சதை ஒருத்தன் எடுத்துக் குடிச்சா, எழுதி வெச்சவனையா புடிப்பாங்க?

இருங்க. அடிக்குது.

பூச்சியம் பதினொண்ணு. டெல்லிதான்.

அடிக்கட்டுமுங்க. அந்தக் கேபிள் மெசினைப் பாருங்க நீங்க, கோயமுத்தூர்ல செஞ்சது, புல்லி பூராம் இரும்பு. இப்ப வாரதெல்லாம் பிளாஸ்டிக்கு. இழுத்துப் பாருங்க. நல்லா இழுங்க. சத்தமே வராது.

நின்னுபோச்சு. பாத்தீங்களா, நின்னுபோச்சு.

ஆருன்னு கேக்கறீங்களா? கேக்கல? செரி, நான் சொல்றேன். இது அந்தக் கேசு இல்லீங்க. இது வேற. இது அம்மணி கேசு.

மகுடேஸ்வரின்னு பேரு. நான் அம்மணின்னுதான் கூப்புடுவேன். அதுக்கு அம்மா இல்ல. அப்பன் அர்த்தநாரி, பக்கத்துத் தெருவுல தறி ஓட்டறவரு. தறிச் சத்தத்துல புள்ளைய வெச்சுக்க முடியலீன்னு பதினோரு வயசுல கொண்டாந்து இங்க வுட்டாரு, "மாஸ்டர், பொழுது போற வரைக்கும் இருக்கட்டும்"னு. சும்மா உக்காந்திருந்த புள்ளை ஒரு நாளைக்கு எந்திரிச்சு, வெறும் ராடைத் தலைக்கு மேல தூக்கி நிறுத்துச்சு பாருங்க, நான் கையில வெச்சிருந்த டீய அப்படியே கீழ வெச்சுட்டேன். முதுகு நேரா இருக்குது. கை நடுங்கல. ஆரும் சொல்லிக் குடுக்கல. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இந்தப் புள்ளை இந்தியாவுக்குத் தூக்கும்னு.

பத்து வருசமுங்க. பெத்தவன் கூட அப்படிப் பாத்திருக்க மாட்டான். காலைல பயிற்சி முடிஞ்சா கம்மங்கஞ்சி, நாந்தான் காச்சுவேன், அந்த ஸ்டவ்லதான். அது இந்தப் பக்கம் உக்காரும், நான் அந்தப் பக்கம் உக்காருவேன். ஒண்ணும் பேச மாட்டோம். என்ன பேசறது? அது குடிக்கும், நான் பாத்துட்டு இருப்பேன். மாவட்டம், மாநிலம், எல்லாம் போச்சு, செயிச்சுச்சு. ஊர்ல பேனரு கட்டுனாங்க, அதுல என்ற போட்டோவும் இருந்துச்சு, சின்னதா, கீழ.

அப்பறம் ஒரு எடத்துல நின்னுபோச்சுங்க. நூறு கிலோவுக்கு மேல ஏற மாட்டேங்குது. ஒரு வருசமாச்சு, நூறு, நூறு, நூறு. ஆந்திராப் புள்ளைக, மணிப்பூர்ப் புள்ளைகல்லாம் நூத்திப் பத்துக்கு நிக்குதுக. எனக்குத் தெரியாதா அதுகல்லாம் என்ன போடுதுகன்னு? எனக்குத் தெரியாது. ஆனாத் தெரியும். போலீசுல ஸ்போர்ட்ஸ் கோட்டா ஒண்ணு வாரதா இருந்துச்சு, அகில இந்திய அளவுல ஒரு மெடல் இருந்தா வேலை கையில. அர்த்தநாரி தறிய வித்துப்போட்டு மக கூடப் போயி குவார்ட்டர்ஸ்ல இருக்கலாம்னு கனாக் கண்டுட்டு இருந்தாரு. நான்? நான் எங்கீங்க போறது, நான் இங்கதான்.

அதனாலதாங்க கஞ்சீல ஊத்துனேன்.

நெம்ப இல்ல. கம்மியாத்தான். பசங்களுக்குச் சொல்றதுல பாதி கூட இல்ல. அம்பத்தொம்பது கிலோ, பொம்பளைப் புள்ளை, எனக்குத் தெரியாதா? ஒரு நாள் மொகத்தச் சுளிச்சுட்டு, "கசக்குதுங்க மாஸ்டர்"னுச்சு. "வெந்தயம் போட்டிருக்கேன் அம்மணி, உடம்புக் காங்கைக்கு நல்லது"ன்னு சொன்னேன். குடிச்சிருச்சு. அதுக்கப்பறம் கேக்கவே இல்ல. நான் குடுத்ததை என்னைக்குமே அது கேள்வி கேட்டதில்லீங்க, அப்படிப்பட்ட புள்ளை.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? எனக்கென்ன அதுல லாபம்? ஒரு பைசா வாங்கியிருப்பனா அதுகிட்ட? மத்தவனெல்லாம் கேட்டு வாங்கித் தின்னான். இது கேக்காமயே நான் குடுத்தேன். எது பெருசு?

நூத்தியாறு தூக்குச்சு. நூத்தியாறு! மூணாவது எடம். வெண்கலம். மேடைல நின்னு அது என்னையத் தேடுச்சு பாருங்க, அந்தக் கூட்டத்துல. நான் கையத் தூக்கிக் காட்டுனேன். அதுக்கு அரை மணி நேரம் கழிச்சு ஒரு பொம்பளை வந்து அம்மணியத் தனியாக் கூட்டிட்டுப் போயி மூத்திரம் புடிச்சுட்டாங்க. என்னென்ன சாப்பிடறேன்னு கேட்டாங்களாமா. கம்மங்கஞ்சின்னு சொல்லியிருக்குது. அப்பறம், வெந்தயம்னு சொல்லியிருக்குது.

ஒன்றரை மாசம் கழிச்சு டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சு. மருந்து இருக்குதுன்னு. மெடலு போச்சு. நாலு வருசம் தடைன்னு நோட்டீசு. இது போலீசு கேசு மாதிரி இல்லீங்க, இதுக்குன்னு தனிச் சட்டம், டெல்லில தனி ஆளுக. இங்க எப்படித் தெரியுமுங்களா? உன்ற உடம்புல இருந்தா அது உன்ற தப்பு. ஆரு ஊத்துனா, எப்படி வந்துச்சு, எல்லாம் அப்பறம். மருந்து வித்தவன் மேல கேஸ் போடோணும்னா அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு துருவறாங்க. தின்னவ மனசுல ஒண்ணுமே இல்லீன்னாலும் அவதான் நிரூபிக்கோணும். தனக்குத் தெரியாம வந்துச்சு, இன்ன வழியா வந்துச்சுன்னு நிரூபிச்சா நாலு ரெண்டாக் கொறையும், அதுக்குங் கீழகூட போகலாமாம். ரெண்டு வருசம்னா அது மறுபடி தூக்கலாம். கோட்டாவுக்கு வயசும் இருக்கும். நாலுன்னா முடிஞ்சுது. இப்பவே பனியன் கம்பெனில செக்கிங் போகுது. காலைல ஏழு மணிக்கு கம்பெனி வண்டி இந்த ரோட்டுலதான் போகுமுங்க. ஜன்னலோரமாத்தான் உக்காந்திருக்கும், ஆனா அந்தப் பக்கத்து ஜன்னலு.

அர்த்தநாரி வந்தாரு. சண்டை போடுவாருன்னு நெனச்சேன், போட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். நின்னுட்டே சொன்னாரு, "மாஸ்டர், அது எதையும் தானா வாங்கித் திங்கற புள்ளை இல்லீங்க. உங்களுக்குத் தெரியும். விசாரணைல ஒரே ஒரு வார்த்தை சொல்லீருங்க. எங்களுக்கு வேற ஆரும் சாட்சி இல்ல." அந்த விசாரணைதான் இன்னைக்கு, வீடியோவுல நடக்குது; சாட்சிக்கு என்னைய போன்ல கூப்புடுவாங்களாமா.

நான் வக்கீலைப் போயிக் கேட்டேன். காங்கயத்துல பெரிய வக்கீலு. கையெடுத்துக் கும்புட்டாரு. "மாஸ்டர், உங்க கேசே ஆராய்ச்சிங்கற ஒத்தை வார்த்தைல நிக்குது. கஞ்சீல ஊத்துனேன்னு வாயத் தொறந்தா அந்த வார்த்தை செத்துச்சு. ஒரு பொம்பளைப் புள்ளைக்குத் தெரியாமக் குடுத்தேன்னு நீங்களே சொல்றாப்புல ஆயிரும். ஜெயிலுக்குப் போவீங்க. அந்த விளையாட்டுச் சட்டத்துலயும் உங்களை ஆயுசுக்கும் தள்ளி வெச்சுருவாங்க. போன் வந்தா எடுக்காதீங்க." படிச்சவரு சொல்றாரு. நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க.

ஒரு விசயம் சொல்றேன், உங்களோட வெச்சுக்கங்க. அந்த இன்ஸ்பெக்டரம்மாவை அம்மணிதான் அனுப்புச்சுன்னு நான் இத்தனை மாசமா நெனச்சுட்டு இருந்தேன். கோவத்துல சொல்லிப்போட்டுதுன்னு. அதனால நானும் போன் பண்ணல. வக்கீலு பேப்பரெல்லாம் பாத்துட்டுச் சொல்றாரு, பெட்டிசன் போட்டது வேற ஆரோ, இங்க வந்துட்டிருந்து மஞ்சக்காமாலை புடிச்ச ஒரு பையனோட அம்மாவாமா. கண்டதைத் தின்னு வந்திருக்கும், பழியத் தூக்கி எம்மேல போட்டுட்டாங்க. அம்மணி என்ற பேரை எங்கயுமே சொல்லலையாம். டெல்லிக்காரங்க கேட்டப்பவும், "எங்க மாஸ்டரை நீங்களே கேளுங்க, அவரு சொல்லுவாரு"ன்னு மட்டுந்தான் சொல்லியிருக்குது. அவரு சொல்லுவாரு! எம்மேல அப்படி ஒரு நம்பிக்கை.

வந்துருச்சு. பாருங்க, மறுக்கா அதே நம்பரு.

தம்பி, ஒரு ஒதவி பண்ணுங்க. நீங்க எடுங்க. எடுத்து, மாஸ்டர் வெளிய போயிருக்காரு, போனை வெச்சுட்டுப் போயிட்டாருன்னு சொல்லுங்க. இந்தாங்க. அட, புடிங்க. உங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நீங்க ஆருன்னே அவியளுக்குத் தெரியாது. ஏன், கையப் பின்னால கட்டிக்கறீங்க? நான் என்ன திருடுன போனையா குடுக்கறேன்?

செரி. வேண்டாம். நின்னுபோச்சு.

ஏனுங்க தம்பி, ரெண்டு வருசம் பெருசா, ஆயுசு பெருசா? அதுக்கு இருபத்தோரு வயசு, கல்யாணம் பண்ணுவாங்க, புள்ளைகுட்டி ஆகும், எல்லாத்தையும் மறந்துரும். எனக்கு அம்பத்தேழு. ஜெயிலுக்குப் போனா என்னையப் பாக்க மனு போட்டு வரதுக்கு ஆரு இருக்கறா? நான் கெட்டவன் இல்லீங்க. கெட்டவனா இருந்தா காலைல இருந்து இந்தப் போனை எதுக்கு முன்னால வெச்சுட்டு உக்காந்திருக்கோணும், சுவிட்ச் ஆஃப் பண்ணிப்போட்டுத் தூங்கலாமில்ல? இன்னொருக்கா அடிச்சா எடுத்துரலாம்னுதான் இருக்கறேன். எடுத்து, அம்மணி ஒரு தப்பும் பண்ணலீங்க, தங்கமான புள்ளைன்னு நல்லதாச் சொல்லுவேன். அதைச் சொல்றதுக்கென்ன? கஞ்சியப் பத்திக் கேட்டா, கேட்டாத்தான். கேக்காமயும் போகலாம். கேட்டா, எங்க ஜிம்முல போர்டு வெச்சிருக்கறேனுங்கன்னு சொல்லுவேன். அதுவும் நெசந்தானுங்களே.

டீ சொல்லட்டுங்களா? முக்குல கடை இருக்குது, கூப்புட்டாக் கொண்டாருவான். முந்தி நான் சொல்லாமயே வரும்.

அடிக்குதா? ஆமா, அடிக்குது. டெல்லி இல்லீங்க... அட, அம்மணி! அம்மணி நம்பருங்க! ஏழு மாசத்துல, இந்தா, பாருங்க, பேரு வருது பாருங்க!

அம்மணி! சொல்லு அம்மணி. நாந்தான். நல்லா இருக்கறியா? சாப்புட்டியா? வேலைக்குப் போகலையா இன்னைக்கு? ஓ, லீவா. ஆமா, ஆமா, இன்னைக்குத்தான். இல்ல அம்மணி, நான் எடுக்கலாம்னுதான், இங்க ஒருத்தரு வந்திருந்தாங்க, அதான். நீ அவியகிட்டச் சொல்லு, இன்னொருக்கா கூப்புடச் சொல்லு, நான்...

ம்.

ம்.

எதுக்கு அம்மணி அப்படிச் சொன்னே?

ம்.

இல்ல அம்மணி, இரு, இரு, நான் சொல்றதைக் கேளு. அம்மணி?

வெச்சிருச்சுங்க.

ஒண்ணுமில்ல. முடிஞ்சுபோச்சாம். உங்க மாஸ்டர் ரெண்டு தடவை எடுக்கல, இன்னொரு தடவை பாக்கலாமான்னு அவிய கேட்டிருக்கறாங்க. வேண்டாமுங்கன்னு சொல்லிருச்சாம். அவருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க, நானே வாங்கி நானே சாப்புட்டேன்னு சொல்லிருச்சாம். நாலு வருசம். அப்பனுங்கூடப் பக்கத்துல உக்காந்திருந்தாராமா.

எதுக்கு அப்படிச் சொன்னேன்னு கேட்டேனில்ல? "மூணாவது தடவை அடிச்சா நீங்க எடுப்பீங்கன்னு எனக்குத் தெரியும் மாஸ்டர். எடுத்துப் பொய் சொல்லுவீங்க. அதை நான் காதுல கேக்க வேண்டாம்னுதான்" அப்படிங்குது. கோவமே இல்லீங்க கொரல்ல. கோவப்பட்டிருந்தா எனக்கு ஒரு வார்த்தை பேச எடம் இருந்திருக்கும். அப்பறம், "இனி எங்களால உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காதுங்க"ன்னு சொல்லிட்டு வெச்சிருச்சு.

நல்லதுதானுங்களே? என்ற கேசுக்கு நெம்ப நல்லது. வக்கீலு கேட்டா சந்தோசப்படுவாரு. அந்தப் புள்ளை வாயாலயே வந்துருச்சு, மாஸ்டருக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு. நான் சொல்லிக் குடுக்கல, கேக்கவும் இல்ல. எப்பேர்ப்பட்ட புள்ளை பாத்தீங்களா? நான் வளத்த புள்ளை.

இருங்க, திருப்பிக் கூப்புட்டுப் பாக்கறேன். அடிக்குது. அடிச்சுட்டே இருக்குது. எடுக்கல.

மறுக்கா போடறேன். எடுக்கும். அந்தப் புள்ளை என்ற போனை எடுக்காம இருந்ததில்ல. நீங்க உக்காருங்க தம்பி, எங்க எந்திரிக்கறீங்க? இரும்பு எங்கயும் போயிராது, அப்பறம் பேசிக்கலாம். தொந்தரவு இருக்காதாமா. நான் தொந்தரவுன்னு எப்பங்க சொன்னேன்? பத்து வருசத்துல ஒரு நாள் சொல்லியிருப்பனா? என்னைத் தொந்தரவு பண்ண வேற ஆருங்க இருக்கறா எனக்கு?